'எறங்கு' என்று சொன்னவர் யார்?

"கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இரண்டு தொழிலாளர்கள் பலி."

இந்தத் தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருப்போம்? ஊர்ப் பெயர் மாறும். எண்ணிக்கை மாறும். வாக்கியம் மட்டும் மாறாது. அதை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தாக்கியது வாயு. இறந்தது தொழிலாளி. "எறங்கு, அஞ்சு நிமிஷ வேலதான்" என்று சொல்லி அவரைக் குழிக்குள் அனுப்பியவர் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறார்?

செய்தியில் இல்லாத அந்த ஆள், பல நேரங்களில் முதல் தகவல் அறிக்கையிலும் இல்லை. வீட்டு உரிமையாளர், கழிவுநீர் ஊர்தியின் ஓட்டுநர், ஒரு சிறு ஒப்பந்ததாரர் என்று வழக்கு நின்றுவிடுகிறது. வேலையை ஒதுக்கிய மேற்பார்வையாளர், அவருக்கு மேலிருந்து கையெழுத்திட்ட அதிகாரி, இயந்திரம் வாங்காமல் விட்ட அலுவலகத் தலைவர் ஆகியோர் சாட்சிப் பட்டியலில்கூட வருவதில்லை. சில மாதங்களில் இழப்பீட்டுக் காசோலை வருகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது, கோப்பு மூடப்படுகிறது.

வேலை இடத்தில் ஒரு தலித் தொழிலாளிக்கு நேரும் கொடுமைக்கு நிறுவனத்தை மட்டும் பொறுப்பாக்கினால் போதுமா, அல்லது உத்தரவிட்ட தனி மனிதர் தன் பெயரோடு சட்டத்தின் முன் நிற்க வேண்டுமா? இது வெறும் கோபத்தில் கேட்கும் கேள்வி அல்ல. நம் சட்டங்களிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலாளி இல்லாத வேலை

கழிவுநீர்க் குழி, மலக்குழி வேலைகளில் இருப்பவர்களைப் பற்றி மத்திய அரசு எடுத்த கணக்கில், 2024ஆம் ஆண்டு வரை விவரம் பதியப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தமிழ்நாடு இத்தகைய இறப்புகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் என்பதையும் நாம் மறைக்க முடியாது.

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த 54 இறப்புகளை ஆராய்ந்த ஒரு சமூகத் தணிக்கையின் முடிவுகளை, 2025 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 54 பேரில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் அணிந்திருக்கவில்லை. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அதைவிடக் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அரசுப் பணியில் இருந்தவர்கள் 5 பேர் மட்டுமே.

இதன் பொருள் என்ன? இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு நியமன ஆணை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று எல்லோரும் கையை விரித்துவிடலாம். ஒப்பந்தம், உள் ஒப்பந்தம், அதற்குக் கீழே ஒரு மேஸ்திரி, அவருக்குத் தெரிந்த இன்னொருவர் என்று வேலை இறங்கி வரும்போதே பொறுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது. கடைசியில் குழி ஓரத்தில் மிஞ்சுவது ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு பிணம்.

கையெழுத்து எங்கே?

ஆனால் சட்டம் இப்படிக் கரைய விடவில்லை. கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆள் அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த நிறுவனமும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஆபத்தான முறையில் கழிவுநீர்க் குழியையோ மலக்குழியையோ சுத்தம் செய்ய ஆள் அமர்த்தக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற ஒரு சொல்லே உள் ஒப்பந்தச் சாக்குப்போக்கை அடைத்துவிடுகிறது. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது.

நிறுவனம் குற்றம் செய்திருந்தால், அதற்குச் சம்மதித்த அல்லது உடந்தையாக இருந்த இயக்குநர், மேலாளர், செயலாளர், பிற அலுவலர் ஆகியோரும் குற்றவாளிகளாகவே கருதப்படுவார்கள் என்று 23ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது, 'கம்பெனி' என்ற போர்வைக்குள் மனிதர்கள் ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னும் ஒரு விதி இருக்கிறது; மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழிவுநீர்க் குழிக்குள் ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்ற தவிர்க்க முடியாத நிலை வந்தால், உள்ளாட்சி அமைப்பின் தலைமை நிர்வாக அலுவலர் அதற்கான காரணங்களை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. உள்ளாட்சி அமைப்பின் சாக்கடையில் ஒருவர் இறந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த எழுத்துப்பூர்வ அனுமதி எங்கே? அனுமதி இருந்தால் அதில் ஒரு கையெழுத்து இருக்கும், பெயர் கிடைத்துவிடும். அனுமதி இல்லை என்றால், வாய்மொழியாக இறங்கச் சொன்னதே சட்டமீறல். சொன்னவரின் பெயரைத் தேட வேண்டும். இரண்டில் எதுவானாலும் 'வாயு தாக்கியது' என்று முடிக்க இடமில்லை.

யார் பணம்? யார் தண்டனை?

கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. விபத்து நேர்ந்தால் ஒப்பந்த நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்கும் வகையில் மாதிரி ஒப்பந்தம் உருவாக்கவும் சொன்னது. குடும்பங்களுக்கு இது பெரிய ஆதரவு. இழப்பீட்டை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் உள்ளாட்சியும் அரசும் தரும் இழப்பீடு மக்களின் வரிப் பணம். உத்தரவிட்டவர் பையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. அவருடைய பதவி உயர்வும் நிற்பதில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்துக்கு வெளியிலேயே பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆட்களை வைத்துச் சாக்கடை சுத்தம் செய்த விவகாரத்தில், டெல்லிப் பொதுப்பணித் துறைக்கு நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மீண்டும் நடந்தால் அதிகாரிகள் மீது வழக்குப் பதிய உத்தரவிட நேரும் என்று எச்சரித்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் வாசலில் நடந்த மீறலுக்கே முதல் முறை துறைக்குத்தான் அபராதம். தனி மனிதருக்கு எச்சரிக்கை மட்டும். அப்படியென்றால் நம் பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று வழியை உச்ச நீதிமன்றமே 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான ஒரு வழக்கில் காட்டியிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு அமைப்பு உடனே இழப்பீட்டைக் கொடுக்கட்டும். பிறகு தவறுக்குக் காரணமான அதிகாரிகளைக் கண்டறிந்து அவர்களிடமிருந்து அந்தத் தொகையைப் பிரித்து வசூலிக்கட்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது வீடு ஒப்படைப்பதில் ஏற்பட்ட தாமதம் பற்றிய வழக்கு. வீடு கிடைக்கத் தாமதமானதற்கே இந்த நியாயம் பொருந்தும் என்றால், உயிர் போனதற்கு ஏன் பொருந்தாது?

வன்கொடுமைச் சட்டத்தில் இருக்கும் கதவுகள்

2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கையால் மலம் அள்ள வைப்பவரை மட்டும் சொல்லவில்லை. அதற்கு அவர்களை அமர்த்துபவரையும், அமர்த்த *அனுமதிப்பவரையும்* சேர்த்தே சொல்கிறது. மலக்குழி இறப்பு வழக்குகள் பலவற்றில் இந்தப் பிரிவும் சேர்க்கப்படுகிறது. 'அனுமதிப்பவர்' என்ற சொல் மேற்பார்வையாளரையும் அதிகாரியையும் தொடுகிறது. இதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. குற்றம் செய்தவர் அரசு ஊழியர் என்றால் தண்டனை ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 3(2)(vii) பிரிவு கூடுதல் கண்டிப்புக் காட்டுகிறது.

குழிக்குள் மட்டுமல்ல, ஆலையிலும் அலுவலகத்திலும் இதே கேள்வி எழுகிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டும் சூப்பர்வைசர், "உங்க ஆளுங்களுக்கு இதுதான் வேல" என்று சொல்லிக் கழிவறையை மட்டும் ஒதுக்கும் அலுவலர், பெண் தொழிலாளியிடம் தவறாக நடக்கும் லைன் மேற்பார்வையாளர் என்று பலரை நம் பிள்ளைகள் தினமும் சந்திக்கிறார்கள். இந்தக் குற்றங்களுக்கு நிறுவனம் அல்ல, அந்த ஆளே முதல் எதிரி.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லி அவமதிக்கும் குற்றம் 'பொதுப் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. நம் திருச்சி மாவட்டத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், வருவாய் ஆய்வாளர் ஒருவர் தம் அலுவலகத்தில் வைத்துச் சாதி சொல்லித் திட்டப்பட்டதாகப் புகார் தந்திருந்தார். நான்கு சுவருக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று கூறி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. பெரும்பாலான வேலை இடங்கள் நான்கு சுவருக்குள்தான் இருக்கின்றன. அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவது மேலதிகாரிக்கு எளிது.

அதனால் புகார் எழுதும்போது "திட்டினார்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடம், எத்தனை மணி, அப்போது அங்கே இருந்து கேட்டவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும். தனியறையில் நடந்திருந்தால் வேறு பிரிவுகள் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தலித் பெண்ணைப் பாலியல் நோக்கோடு தொடுவது, பேசுவது பற்றிய 3(1)(டபிள்யூ) பிரிவு, கட்டாய வேலை வாங்குவது பற்றிய 3(1)(எச்) பிரிவு ஆகியவை 'பொதுப் பார்வை' என்ற நிபந்தனையைக் கேட்பதில்லை.

திண்டுக்கல் சொன்ன பாடம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைது செய்யப்பட்டவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். கொலை வழக்கில் ஒரு தனி மனிதர் மீது நடவடிக்கை வந்தது. ஆனால் உயிர் போன பிறகு வந்த நடவடிக்கை அது.

அதன் பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் பிற தொழிலாளர் அமைப்புகளும் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் அதில் கட்டுப்பட்டன. பாலின, சாதிக் கொடுமைகளை மேற்பார்வையாளர் தொடங்கும்போதே பிடிக்க, தொழிலாளப் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவிப்பது அதன் முக்கிய ஏற்பாடு. புகார் சொன்னவரைப் பழிவாங்குவதும் தடுக்கப்பட்டது. குற்றம் பெரிதாகி உயிர் போகும் வரை காத்திருக்காமல், சூப்பர்வைசரின் முதல் கெட்ட வார்த்தையிலேயே கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதே அது தரும் பாடம்.

பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தனி மனிதப் பொறுப்பு இருக்கிறது. குற்றம் நிரூபணமானால், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கான இழப்பீட்டைத் தவறு செய்தவரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இல்லை என்றால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான இடமாக இருந்தாலோ, குற்றம் செய்தவர் முதலாளியாகவே இருந்தாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம்.

கீழே இருப்பவரைப் பலியாக்கவும் கூடாது

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. 'தனி மனிதப் பொறுப்பு' என்றவுடன், மேலிடத்தார் எல்லாரும் தப்பித்து, கடைசிப் படியில் நிற்கும் மேஸ்திரியோ ஓட்டுநரோ மட்டும் சிறைக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. அவர்களில் பலர் நம் சாதியினர், அவர்களும் தினக்கூலிகள். தன் சொந்தத் தம்பியைக் குழிக்குள் இறக்கிவிட்டு, அவனைக் காப்பாற்ற இறங்கித் தானும் இறந்த அண்ணன்கள் எத்தனை பேர்?

ஆகவே 'யார் சொன்னது?' என்ற கேள்வியை ஒரு படியில் நிறுத்திவிடக் கூடாது. அவரிடம் சொன்னது யார்? இயந்திரம் கேட்டுக் கடிதம் போனதா? கேட்டும் தராதவர் யார்? பில்லில் கையெழுத்திட்டவர் யார்? இப்படி மேல்நோக்கிப் போனால்தான் பொறுப்பு சரியான தோளில் ஏறும். பெரிய அதிகாரியை வழக்கில் சேர்க்க அரசு அனுமதி வேண்டும் என்று காவல் துறை கை காட்டலாம். அரசின் அனுமதியோடு மட்டுமே பதவி நீக்கம் செய்யக்கூடிய அதிகாரிகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. எல்லா ஊழியருக்கும் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆவது பிரிவின்படி, அனுமதி கேட்டு 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

நாம் செய்ய வேண்டியது

சாவு வீட்டில் சட்டம் பேசுவது கடினம். ஆனால் சில வேலைகளை உடனே செய்யாவிட்டால் பெயர்கள் மறைந்துவிடும். ஊரில் படித்த பிள்ளைகள் இவற்றைப் பொறுப்பெடுத்துச் செய்யலாம்.

வேலைக்குக் கூப்பிட்ட தொலைபேசி அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் தகவல், குரல் பதிவு எதையும் அழிக்கக் கூடாது. இறந்தவரின் கைபேசியைக் காவல் துறையிடம் ஒப்படைக்கும் முன் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரில் 'விபத்து' என்று எழுத விடாதீர்கள். யார் அழைத்தார், யார் இறங்கச் சொன்னார், யார் பக்கத்தில் நின்றார் என்று பெயரும் பதவியும் குறிப்பிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால், எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்; நகலும் தர வேண்டும். மனு ரசீதோடு திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். வழக்குப் பதிவதும் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி அலுவலரின் கடமைகள். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அதற்கு நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்பதால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனு தர வேண்டும்.

2013ஆம் ஆண்டு மலக்குழிச் சட்டத்தின் கீழான குற்றத்துக்கு 3 மாதத்துக்குள் புகார் போக வேண்டும் என்று அதன் 10ஆவது பிரிவு காலக்கெடு வைத்திருக்கிறது. காரியம் முடியட்டும், பார்க்கலாம் என்று இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

பணி ஆணை, ஒப்பந்த நகல், எழுத்துப்பூர்வ அனுமதி, பாதுகாப்புக் கருவி வாங்கிய பில் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 'அப்படி ஓர் ஆவணம் இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் சான்றுதான். வன்கொடுமை பற்றிய தேசிய உதவி எண் 14566. இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். நம் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்பதும் ஒரு வேலைதான்.

இழப்பீடு குடும்பத்தின் உரிமை. அதை வாங்க வேண்டும். ஆனால் காசோலையோடு வழக்கு முடிந்துவிட்டால், நாளை அதே வாய் இன்னொரு பிள்ளையைப் பார்த்து "எறங்கு" என்று சொல்லும். அப்படிச் சொல்வதற்கு முன் அந்த வாய் ஒரு நொடி தயங்க வேண்டும் என்றால், அந்த ஆளின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்க வேண்டும்.